உள்ளே அடைபட்ட காற்று

மலாய் மொழியில் 'லூப்பா' என்று ஒரு சொல் உண்டு. மறத்தல் என்பது அதன் பொருள். கடைக்குப் போன பிள்ளை சீனி வாங்காமல் திரும்பி வந்தாலும் லூப்பாதான். மலேசியாவின் கிழக்குக் கரையில், கிளந்தான், திரெங்கானு மாநிலங்களின் மீனவக் கிராமங்களில், இரவுச் சடங்கொன்றின் நடுவே மருத்துவன் தன்னிலை இழந்து வேறொன்றாகப் பேசத் தொடங்குவதற்கும் இதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். எமது ஊர்களில் 'பிடிச்சிட்டு', 'ஏறிட்டு' என்கிறோம். வெளியிலிருந்து ஒன்று வந்து ஏறிக்கொண்டது என்பது எமது சொல்லின் கருத்து. பேய் தொற்றியதைச் சொல்ல அவர்களிடமும் சொற்கள் உண்டு. ஆனாலும் அந்த இரவின் மையமான நிலைக்கு அவர்கள் இட்ட பெயர் மறதி. மனிதன் தன்னைச் சற்று மறந்தான், பிறகு நினைவுக்கு வந்தான், அவ்வளவுதான்.

மலாயர் என்றதும் எமது வாசகர்களுக்குக் கொம்பனித்தெருவும் அம்பாந்தோட்டையும் கிரிந்தையும் நினைவுக்கு வரும். கிரிந்தையில் மலாய் பேசும் மீனவக் குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஆனால் நான் எழுத வந்தது அவர்களைப் பற்றியல்ல. கடல் கடந்த கிளந்தான் கரையைப் பற்றி. எனக்கும் அந்தக் கரைக்கும் முதலில் பழக்கம் ஏற்பட்டது புத்தகத்தில்தான். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் ரேமண்ட் ஃபர்த் என்பவர் மலாய் மீனவர்களைப் பற்றி 1946இல் வெளியிட்ட நூல் கைக்கு வந்தது. அவரும் அவரது மனைவி ரோஸ்மேரியும் 1939, 1940ஆம் ஆண்டுகளில் கிளந்தானின் பெருப்போக் என்ற கிராமத்தில் தங்கி, வலை என்ன விலை, படகில் யாருக்கு எத்தனை பங்கு, ஒரு வீட்டில் ஒரு வாரத்துக்கு என்ன செலவு என்று கணக்கெடுத்தவர்கள். கரைவலைக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தக் கணக்குகள் எங்கள் வாடியின் கணக்குகள் போலவே இருந்தன. சம்மாட்டிக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, இழுத்தவனுக்கு மிச்சம்.

இரண்டு கரைகளையும் ஒரே காற்று ஆள்கிறது. நாங்கள் வாடை என்று சொல்லும் வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் எழும்பினால் கிளந்தான் மீனவர்களுக்கும் கடல் பூட்டப்பட்டுவிடும். பெப்ரவரி வரை படகுகள் மணலில் ஏறிக் கிடக்கும். கையில் காசில்லாத, வெளியே போக வழியில்லாத மாதங்கள் அவை. கடல் திறந்திருக்கும் மாதங்களிலும் நிச்சயம் என்று ஒன்றில்லை. பெரிய தூக்குவலைக்குத் தலைவனாக 'ஜூரு செலாம்' என்ற நிபுணர் இருப்பார். அவர் படகிலிருந்து தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தி, மீன் கூட்டம் எழுப்பும் ஒலியைக் காதால் கேட்டு, இன்ன மீன், இவ்வளவு என்று சொல்வார். அவர் சொல்லில்தான் பத்திருபது குடும்பங்களின் அன்றைய உலை இருந்தது. அவருக்குக் கேட்காத நாளில் எல்லோருக்கும் இல்லை. இப்படிக் காதையும் காற்றையும் நம்பிப் பிழைப்பவர்கள், காணாதவற்றின்மீது நம்பிக்கை வைத்ததில் வியப்பில்லை.

வால்டர் ஸ்கீட் என்பவர் மலாய் மாந்திரீகம் பற்றி 1900இல் வெளியிட்ட பெரிய தொகுப்பில் கடலோர நம்பிக்கைகள் நிறைய உண்டு. மீன்பிடிக்கும் இடத்தில் சில பெயர்களைச் சொல்லக்கூடாது. பாம்பை 'உயிருள்ள கொடி' என்றுதான் சொல்ல வேண்டும். நீரோட்டத்துக்கு ஓர் ஆவி, அந்தி மஞ்சளுக்கு ஓர் ஆவி. கடலுக்கு உரியவராக பத்தாரா குரு. அது சிவனுக்கு அங்கே வழங்கும் பெயர். அதே மந்திரத்தின் அடுத்த வரியில் நபிமார் வருவார்கள், ஜின்கள் வருவார்கள், முடிவில் கலிமா வரும். 'மந்தெரா', 'குரு', 'புத்ரி' என்ற சொற்களைத் தமிழ் வாசகருக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஒரு சமூகம் கடந்து வந்த ஊர்கள் எல்லாம் அதன் மந்திரத்தில் பதிந்திருக்கின்றன. கிழக்குக் கரையில் 'பூஜா பந்தாய்' என்று கடற்கரைப் படையலும் நடந்தது. எருமை அறுத்துக் கடலின் ஆவிகளுக்குப் பங்கு வைத்தார்கள்.

இதையெல்லாம் வாசிக்கும் ஒருவர், அங்கே ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பேயைத்தான் குற்றம் சொன்னார்கள் என்று எண்ணக்கூடும். அப்படியல்ல என்பதை எனக்கு விளக்கியவர் கரோல் லேடர்மன் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1975 முதல் இரண்டு ஆண்டுகள் திரெங்கானுவின் மெர்ச்சாங் என்ற கரையோரக் கிராமத்தில் வாழ்ந்து, மருத்துவிச்சிகளிடமும் 'போமோ' எனப்படும் நாட்டு மருத்துவர்களிடமும் பழகியவர். 1991இல் வெளிவந்த அவரது நூலின்படி, அந்த மக்கள் பெரும்பாலான நோய்களுக்குச் சூடு, குளிர்ச்சி, சாப்பாடு, வேலைக்களைப்பு என்றே காரணம் சொன்னார்கள். எமது பரிசாரிமாரும் அப்படித்தான். மருந்துக்கும் பத்தியத்துக்கும் அடங்காத நோய் வந்தால்தான் அடுத்த கேள்வி எழும்.

அந்த அடுத்த கேள்விக்கு அவர்களிடம் மூன்று பதில்கள் இருந்தன. ஒன்று, வெளியிலுள்ள ஆவி தாக்கியது. மனிதன் மண், நீர், நெருப்பு, காற்று நான்கினாலும் ஆனவன். ஆவிகளுக்கு நெருப்பும் காற்றும் மட்டுமே உண்டு. மண்ணும் நீரும் இல்லாத அந்தக் குறையினால் அவை மனிதனைப் பார்த்துப் பொறாமைப்படுகின்றன என்பது அவர்கள் கருத்து. இரண்டாவது, 'செமாங்காட்' குன்றிப் போனது. அது உயிரின் உரம். திடீர்ப் பயத்தில், துக்கத்தில், அது உடம்பை விட்டு அலையப் போய்விடும். அப்போது மனிதன் எதற்கும் திறந்த வீடாகிவிடுவான். மூன்றாவது பதில்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அதன் பெயர் 'அங்கின்'. காற்று என்பது பொருள்.

ஒவ்வொரு மனிதனும் தனக்கென ஒரு காற்றோடு பிறக்கிறான். பாட்டுக்காரனுக்குப் பாட்டின் காற்று, மருத்துவிச்சிக்கு அந்தக் கையின் காற்று, சிலம்பம் போல் சிலாட் ஆடுகிறவனுக்கு அதன் காற்று. அழகையும் அன்பையும் தேடி ஏங்குகிறவர்களுக்கு டேவா மூடா என்ற கதை இளவரசனின் காற்று. சட்டென்று சினப்பவர்களுக்குப் புலியின் காற்று. இந்தக் காற்று தன் வழியில் வீசி வெளியேறினால் அந்த மனிதன் ஊருக்குப் பயன்படுவான். வறுமையாலோ வெட்கத்தாலோ குடும்பத்தாலோ அது உள்ளே அடைபட்டால் நோயாகிறது. நெஞ்சு அடைக்கும், சாப்பாடு செல்லாது, காரணமில்லாத அழுகை வரும், மயங்கி விழுவார்கள். பேய் ஒன்றும் வரவில்லை. உள்ளே இருந்தது வெளியே வரவில்லை, அதுதான் நோய். படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கும் மீனவர்கள், ஆற்றலுக்கும் நோய்க்கும் ஒரே சொல்லை வைத்திருந்தார்கள்.

இதை வாசித்த இரவில் எனக்கு என் மூத்த ராத்தாவின் நினைவு வந்தது. எங்கள் ஊரில் கவி பாடுவதில் ராத்தாவை மிஞ்ச ஆளில்லை. நெல் குத்தினாலும் பன் இழைத்தாலும் கவி. கேட்டுப் படித்ததல்ல, அந்த நேரத்தில் கட்டிப் பாடுவது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பதினாறு வயதில் கலியாணம் செய்து வைத்தார்கள். போன வீடு கண்டிப்பான வீடு. பெண்ணின் குரல் வேலிக்கு வெளியே கேட்கக்கூடாது. இரண்டாம் வருடம் மஃரிபு நேரங்களில் விழத் தொடங்கினார். கண் செருகி, பல் கிட்டி, வேறு குரலில் ஏதோ பேச்சு. இசிம்காரர் வந்து கறுப்பு நூல் கட்டினார். சில வருடங்களின் பின், இது ஷிர்க் என்று சொந்தத்து வாலிபர்கள் அந்த நூலை அறுத்தார்கள். பிறகு ஆசுபத்திரியில் வில்லைகள் கொடுத்தார்கள். ராத்தா பகலெல்லாம் நித்திரை கொண்டார். நூல் கட்டியவர், அறுத்தவர், வில்லை எழுதியவர் மூவரும் நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள். மூவரும் ராத்தாவைப் பற்றி மச்சானிடமும் உம்மாவிடமும் விசாரித்தார்கள். ராத்தாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

கிளந்தான் கரையில் அடைபட்ட காற்றுக்கு மருந்து 'மைன் புத்ரி' என்ற சடங்கு. 'மைன்' என்றால் விளையாட்டு, ஆட்டம். இஷாவுக்குப் பின் வீட்டுக் கூடத்தில் பாய் விரிப்பார்கள். சாம்பிராணி புகையும். நெற்பொரி, மஞ்சள் சோறு, முட்டை ஆகியன தட்டில் இருக்கும். அயலவர்கள் பிள்ளைகுட்டியோடு வந்து சுற்றி இருப்பார்கள். இருவர் முக்கியம். ஒருவர் 'தோக் புத்ரி'. தலையைச் சுழற்றி லூப்பா நிலைக்குப் போய், ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஆவிகளின் குரலில் பேசுபவர். மற்றவர் 'மிண்டோக்'. அவர் மூன்று தந்தி ரெபாப்பை வில்லால் இழைத்தபடி எதிரே இருப்பார். அவர் தன்னை மறப்பதில்லை. அவருடைய வேலை கேள்வி கேட்பது.

நீ யார், எங்கிருந்து வந்தாய், இவளிடம் உனக்கு என்ன வேண்டும், யார் உன்னை வருத்தியது, என்ன தந்தால் போவாய் என்று மிண்டோக் கேட்டுக்கொண்டே இருப்பார். பதில்கள் சிலவேளை பயங்கரமாக, பலவேளை வேடிக்கையாக இருக்கும். சபை சிரிக்கும். ஃபர்த் 1967இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சடங்கை நாடகமாகவே பார்க்கிறார். கிளைவ் கெஸ்லர் என்ற ஆய்வாளர் 1977இல் எழுதியதில் இன்னொரு விடயம் தெளிவாகிறது. சடங்கின் மொழியில் நோயாளியின் உடம்பு ஓர் அரசு. அதன் கோட்டைக்குள் கலகக்காரர் புகுந்துவிட்டனர். பேசி, இணங்கி, அவர்களை வெளியேற்றி, உரிய ஆட்சியை மீண்டும் அமர்த்த வேண்டும். நோயாளிகளில் பெண்கள் அதிகம். மணவிலக்கு மிகுந்திருந்த அந்த மாநிலத்தில், கணவனாலும் குடும்பத்தாலும் தன் இடத்தை இழந்த பெண்ணுக்கு, 'உன் நாட்டில் நீதான் அரசு' என்று ஊர் கூடி ஓரிரவு முழுக்கச் சொல்வது சிறிய விடயமல்ல.

இசை நோயாளியின் காற்றைத் தொடும் இடத்தில், அவளே எழுந்து ஆடுவாள். இளவரசன் கதையின் பாட்டு வந்தால் ஒருத்தி அழகாக ஆடுவாள். சிலாட்டின் தாளம் வந்தால் இன்னொருவன் எழும்புவான். அடைபட்டது வெளியேறும். லேடர்மன் தாமே ஒரு சடங்கில் அந்த நிலைக்குப் போனதையும், நெஞ்சுக்குள் பெரும்புயல் அடித்தது போலிருந்ததையும் எழுதியிருக்கிறார். விடியும்போது நோயாளி களைத்து, வெட்கத்தோடு, சனங்களுக்கு நடுவே இருப்பாள். அவளை யாரும் குற்றம் சொல்வதில்லை. பேசியது அவளல்ல, காற்று.

இதைச் சொல்லும்போது அந்த இரவுகளை நான் போற்றிப் பாடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். படையலும் வாத்தியமும் மருத்துவரின் கூலியும் ஏழை மீனவனுக்குக் கனத்த செலவு. கையிலுள்ளது போதாமல் கடன்பட்டுச் செய்யும் வைத்தியத்தில் ஏமாற்றுவோருக்கும் இடம் இருக்கும். கசநோய்க்காரனும் பிரசவத்தில் சன்னி கண்டவளும் ஓரிரவு ஆட்டத்தில் சுகமாக மாட்டார்கள். காத்திருந்த நேரம் உயிரைக் கேட்கும். கிராமத்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர்களல்லர். கிளந்தான் மாந்திரீகம் பற்றி ஃபர்த் 1974இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே நம்பிக்கையோடு ஐயமும் சேர்ந்தே நிற்கிறது. மார்க்கத்தின் பக்கமிருந்து எழுந்த ஆட்சேபத்தையும் இலேசாகத் தள்ள முடியாது. பத்தாரா குருவை அழைத்து உதவி கேட்பதையும் ஆவிக்குப் பங்கு வைப்பதையும் எமது அகீதா ஏற்காது. ஜின்கள் உண்டு என்பது குர்ஆன் சொன்னது. அவற்றோடு பேரம் பேசுவது வேறு.

1990இல் கிளந்தானில் இஸ்லாமியக் கட்சியான பாஸ் ஆட்சிக்கு வந்தது. மாக் யோங் நாடகம், நிழற்கூத்து, மைன் புத்ரி ஆகியவை பொதுவெளியிலிருந்து விலக்கப்பட்டன. 1998இல் அதற்கெனக் கேளிக்கைச் சட்டமும் வந்தது. இதே மாக் யோங்கைத்தான் 2005இல் யுனெஸ்கோ மானிட குலத்தின் மரபுச் செல்வமென அறிவித்தது. ஒரு பக்கம் தடை, மறுபக்கம் பாராட்டு. இரண்டும் அரங்கைப் பற்றியே பேசின. பாயில் கிடந்த நோயாளியைப் பற்றி இரண்டிலும் பேச்சில்லை.

2013 டிசம்பரில், விடுமுறையோடு லீவும் சேர்த்து, நாற்பது நாள் ஜமாஅத்தில் மலேசியா போயிருந்தேன். அதில் சில நாட்கள் பாச்சோக் பக்கத்துக் கடற்கரைக் கிராமமொன்றின் சிறு பள்ளிவாசலில் தங்கினோம். வாடை அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் போலவே படகுகள் தென்னைக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தன. தமிழ் பேசும் இந்திய முஸ்லிம் வியாபாரி ஒருவர் கோத்தா பாருவிலிருந்து எங்களோடு வந்திருந்தார், அவர்தான் மொழிபெயர்த்தார். ஒருநாள் அஸருக்குப் பின், முதல் ஸஃபைத் தவறவிடாத முதியவர் ஒருவரிடம் மைன் புத்ரி பற்றி விசாரித்தேன். அவருடைய வாப்பா மிண்டோக்காக இருந்தவராம். ரெபாப்பை என்ன செய்தீர்கள் என்றேன். விற்றுவிட்டோம் என்றார். பிறகு கடலைப் பார்த்தபடி சொன்னார்: "பாவம் என்றார்கள், விட்டுவிட்டோம். அது சரிதான். ஆனால் நோய் எங்களை விடவில்லையே, ஹாஜி."

அந்த முதியவர் மார்க்கத்தைக் குறை சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சொன்னார். எடுத்தது ஒன்று, அதன் இடத்தில் வைத்தது என்ன என்று கேட்டார்.

நோய் விடவில்லை என்பதற்கு மலேசியாவிலேயே சான்றுகள் உண்டு. 1970களில் கிராமத்து மலாய்ப் பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இலத்திரனியல் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து இரவும் பகலும் முறை மாறி வேலை. 1978இல் சுங்கை வே என்ற இடத்தில் அமெரிக்கத் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ 120 பெண்களை ஆவி பிடித்தது. மூன்று நாள் தொழிற்சாலையை மூடி, போமோவை அழைத்து ஆடு அறுத்தார்கள். ஐவா ஓங் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதும்போது, சங்கம் வைத்து முறையிட முடியாத பெண்கள் ஆவியின் வாயால் முறையிட்டார்கள் என்ற கருத்தில் எழுதுகிறார். நிருவாகம் ஆட்டை அறுத்தது. வேலை முறையை மாற்றவில்லை.

2016 ஏப்ரலில் கிளந்தானின் பெங்காலான் செப்பாவில் ஒரு பாடசாலையில், கறுத்த உருவமொன்றைக் கண்டதாகச் சொல்லி மாணவிகள் அலறத் தொடங்கினார்கள். ஆசிரியைகளுக்கும் அது பரவியது. ஏறத்தாழ நூறு பேர். பாடசாலையை மூடினார்கள், உலமாக்களும் மருத்துவர்களும் வந்தார்கள். இப்படியான செய்திகள் அங்கே பல தடவை வந்திருக்கின்றன. பெரும்பாலும் பெண் பிள்ளைகள். அங்கே பாடசாலையில் இதற்கு வைத்த பெயர் 'ஹிஸ்தீரியா'. பெயர் மாறினாலும் விழுகிறவர்கள் மாறவில்லை. வாய்திறந்து சொல்ல உரிமை குறைந்தவர்களே விழுகிறார்கள்.

ஆசிரியனாக இருபது வருடங்கள் கரையோரப் பாடசாலையில் நிற்கிறேன். பரீட்சை நெருங்கும் மாதங்களில், காலைக்கூட்டத்தில், எமது பிள்ளைகளும் விழுவதுண்டு. உடனே மூன்று கட்சிகள் கூடிவிடும். ஓதிப் பார்க்க வேண்டும் என்று ஒரு கட்சி, ஓதிப் பார்ப்பதில் எது ஆகும் எது ஆகாது என்று இன்னொரு கட்சி, எல்லாம் நடிப்பு என்று மற்றக் கட்சி. மூன்றும் பிள்ளையின் தலைக்கு மேலாகவே பேசிக்கொள்ளும். கிளந்தான் மீனவர்களின் சடங்கில் எமக்கு ஆகாதவை பல உண்டு. ஆனால் அங்கே மிண்டோக் என்று ஒருவர் இருந்தார். தன்னை மறக்காமல், பயப்படாமல், கோபப்படாமல், எதிரே அமர்ந்து, உனக்கு என்ன வேண்டும் என்று விடியும்வரை கேட்டவர். அந்தக் கேள்வியில் ஷிர்க் இல்லை.

நோயாளிக்கு ஓதிப் பார்ப்பது நபிவழி. ஆயத்துல் குர்ஸியும் முஅவ்விதத்தைனும் ஓதும் மௌலவிமார் எமக்கு இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். வைத்தியர்களும் இருக்கிறார்கள், வலிப்பா, இரத்தக் குறைவா என்று முதலில் அவர்கள் பார்த்தே ஆக வேண்டும். ஓதி முடித்த பிறகும், வில்லை எழுதிய பிறகும், இன்னும் கால் மணித்தியாலம் அந்தக் கதிரையில் இருக்க ஓர் ஆள் வேண்டும். வாப்பாவையும் கணவனையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பெண் பிள்ளை என்றால் ஓர் ஆசிரியையோ மூத்த பெண்ணோ இருந்து, மகள் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். முதல் நாள் பதில் வராது. கிளந்தானிலும் ஓரிரவில் முடிந்துவிடாத ஆட்டங்கள் உண்டு. மறுநாள் இரவும் பாயை விரித்தார்கள்.